இருபதாம் இடம்

பாபுராவ் தெரு லாட்ஜில் ரிஜிஸ்டர் எழுதுகிறவன் நான்.
ஆகஸ்டில் எழுதினேன்:
தபன் ஹால்தார், மால்டா. உடன் மனைவி ஷிப்ரா.
மூன்றாம் மாடி, பதினாலாம் நம்பர்.
வாடகை அடுப்பு ஒன்று, அட்வான்ஸ் இருநூறு.
எத்தனை நாள் என்ற கட்டத்தில்
'ஆஸ்பத்திரி சொல்லும் வரை.'

மஞ்சள் பனியன், கறுப்புக் கோடு,
நெஞ்சில் ஒற்றைக் காலில் ஒரு நாரை.
ஹார்ட்டன்மூர் என்றார்.
உங்க ஊரா தாதா?
இங்கிலாந்தில் எங்கோ இருக்கிறதாம்.
கொல்கத்தா நடைபாதையில் நூற்றிருபது ரூபாய்க்கு
வெயிலுக்காக வாங்கிய பனியன்.
அது ஒரு கிளப் என்பதே அப்புறம்தான் தெரிந்ததாம்.
பதினோரு வருஷம் கீழே கிடந்து
இந்த வருஷம்தான் மேல் டிவிஷனுக்கு ஏறியிருக்கிறது.
சொல்லிவிட்டு
என் மேசைக்கு மேலிருந்த டிவியைப் பார்த்தார்.

முதல் ஆட்டம் 0-3.
இரண்டாவது 1-4, அந்த ஒன்றும்
எதிராளி தன் வலைக்குள் தானே தட்டிவிட்டது.
ஷிப்ரா படிக்கட்டிலிருந்து கேட்பாள்: 'ஹார்?'
வங்காளியில் தோல்விக்கு அதுதான் வார்த்தை.
அவர் தலையாட்டுவார்.
அவள் மேலே போய்க் கடுகெண்ணெயைக் காய வைப்பாள்,
தெருமுனை வரை மூக்கு எரியும்.

பாலாறு என்றால் மணல், எங்களுக்குப் பழக்கம்.
அந்த அணியில்
ஒன்பதாம் நம்பர் என்றால் கோல் இல்லை,
அதுவும் பழகிவிட்டது.

அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பினார்கள்.
ஆட்டமெல்லாம் எனக்கு ஒரு மணி நேரம் தள்ளிப்போனது.
புதன்கிழமை ஆட்டம் வியாழன் ஒன்றேகாலுக்கு.
ஷட்டரைப் பாதி இறக்கி
சத்தத்தை அணைத்துப் பார்ப்போம்.
சத்தமில்லாமல் தோற்பது இன்னும் மெதுவாகத் தோற்பது.

நவம்பரில் நிஜமாகவே ஆற்றில் தண்ணீர் வந்தது.
ஊரே பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தது.
அந்த வாரம்தான் முதல் வெற்றி, 1-0,
எண்பத்தெட்டாவது நிமிஷம், கார்னர், யாரோ ஒருவன் முழங்கால்.
ஹால்தார் என்னைக் கட்டிக்கொண்டார்.
ரூம் சாவிகள் மாட்டிய பலகை சரிந்து விழுந்து
எல்லாச் சாவியும் கலந்துபோனது.
விடியும் வரை இரண்டு பேரும் நம்பர் பார்த்து மாட்டினோம்.

ஜனவரியில் ரத்தம் கேட்டார்கள்.
நானும் டீக்கடை ஜமாலுதீனும் போய்ப் படுத்தோம்.
திரும்பி வந்தபோது 0-5.
ஹால்தார் டிவியைப் போடவே இல்லை,
ஸ்கோரை நான்தான் போனில் பார்த்தேன்,
அவரிடம் சொல்லவில்லை.

முப்பத்து மூன்றாம் ஆட்டத்தில் கணக்கு முடிந்தது.
மீதி ஐந்தையும் ஜெயித்தாலும் இறக்கம்தான்.
இன்னா தாதா, போச்சா?
போச்சு, என்றார் நல்ல தமிழில்.
காலை ஐந்தரைக்கு வழக்கம்போல
ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசைக்குப் போனார்கள்.

மே முதல் வாரம் அறையைக் காலி செய்தார்கள்.
காட்பாடியில் ஹவுரா வண்டி.
டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.
பதினெட்டு வருஷம் இந்த மேசை சொல்லித் தந்த
ஒரே மரியாதை அதுதான்.
ஷிப்ரா ஆட்டோவில் ஏறி, தலை முக்காட்டைச் சரிசெய்து,
'உங்க டீம்' என்றாள் என்னைப் பார்த்து, இந்தியில்,
'இனி உங்க டீம்.'

கடைசி ஞாயிறு, இரவு எட்டரை, கரண்ட் இருந்தது.
காற்றுக்கூடக் கொதித்தது.
எதற்கும் உதவாத ஆட்டம்.
நாரைகள் 4-1.
ஒன்பதாம் நம்பர் மூன்று போட்டான், பாவி,
இத்தனை நாள் எங்கே வைத்திருந்தான்?
நான் கத்தியதில்
பதினாலாம் நம்பரிலிருந்து புதிதாய் வந்த அகர்தலாக்காரர்
பனியனோடு இறங்கி வந்தார்: யாருக்கு என்ன ஆச்சு?

ஒன்றுமில்லை சார். ஜெயிச்சுட்டோம்.

எத்தனையாவது இடம்?
இருபது.
மொத்தம் எத்தனை?
இருபதுதான்.

அவர் சற்று நின்று, பக்கத்தில் நாற்காலியை இழுத்தார்.

ரிஜிஸ்டரில் இன்னும் இருக்கிறது
அடுப்பு அட்வான்ஸ் இருநூறு, திருப்பித் தரவில்லை.
ஆகஸ்டில் அவர்கள் கீழ் டிவிஷன்.
அந்த ஆட்டங்கள் நம்ம கேபிளில் வராது என்கிறான் பையன்.
வேறு வழி இருக்கிறதா என்று
விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.